சுற்றிச் சுற்றி 110-லேயே நின்ற கணக்கு (என் அனுபவம்)

தண்டையார்பேட்டையில் ஒலிம்பியாட் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் அதிகம் திணறுவது இந்தக் கணக்கில்தான். நானும் இதில்தான் மாட்டினேன். ஆங்கிலேயக் கணித ஆசிரியர் லாங்லி 1922-இல் கேட்ட கேள்வி இது. முக்கோணம் ஏபிசி-யில் ஏ 20°, பி-யும் சி-யும் 80°. ஏசி மேல் டி. கோணம் டிபிசி 60°. ஏபி மேல் இ. கோணம் இசிபி 50°. கோணம் பிடிஇ எவ்வளவு?

கோணங்களை மட்டும் கூட்டிக் கழித்தால் நகராது. பிடிஇ, சிஇடி இரண்டும் சேர்ந்து 110°. எந்த முக்கோணத்தைப் பிடித்தாலும் இதே சமன்பாடுதான் வேறு வேஷத்தில் வரும். பக்க நீளம் எதுவும் கணக்குக்குள் வராததே காரணம். ஆகவே சமபக்கங்களைத் தேடுங்கள்.

முக்கோணம் பிசிஇ-யில் இரண்டு கோணங்கள் 50°. எனவே பிஇ = பிசி. இப்போது பி-யிலிருந்து அடிப்பக்கத்துக்கு 20° சாய்வில் ஒரு கோடு. அது ஏசி-யில் படும் புள்ளி எஃப். கோணம் பிஎஃப்சி 80°, ஆகவே பிஎஃப் = பிசி. கோணம் இபிஎஃப் 60°. அழகான இடம் இதுதான்: பிஇஎஃப் சமபக்க முக்கோணம்!

எஃப்பிடி, எஃப்டிபி இரண்டும் 40°; எனவே எஃப்டி = எஃப்பி = எஃப்இ. கோணம் இஎஃப்டி = 180 − 80 − 60 = 40°. ஆகவே எஃப்டிஇ 70°. அதில் 40 போக, விடை 30°.

படத்தைச் சின்னதாகப் போடாதீர்கள். எஃப், சி இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அடிப்பக்கம் 5 செ.மீ. வைத்தால் மற்ற பக்கங்கள் சுமார் 14.4 செ.மீ. வரும், நோட்டுப் பக்கத்தில் அடங்கும். பாகைமானி வைத்தும் சரிபார்க்கலாம்.