கல்யாணத்துக்கு ரோல்ஸ் ராய்ஸா? முதலில் தெருவைப் பாருங்கள்

என் தங்கை கல்யாணத்துக்கு டிரைவரோடு ஒரு ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட் வாடகைக்கு எடுத்திருந்தோம். மண்டபம் சென்னை மேற்கு மாம்பலத்தில். தெருமுனை வரைக்கும் வந்த வண்டி, இரண்டு பக்கமும் பைக்குகளும் ஒரு தண்ணீர் லாரியும் நின்றிருந்ததால் திரும்ப முடியாமல் அங்கேயே நின்றுவிட்டது. பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் நடந்தேதான் மண்டபத்துக்குப் போனாள். அதனால், எந்த வண்டி என்பதை அப்புறம் பேசலாம், முதலில் தெரு.

இன்னோவா கிரிஸ்டா நீளம் 4.7 மீட்டர் சொச்சம். பென்ட்லி ஃப்ளையிங் ஸ்பர் 5.3, மெர்சிடிஸ் மேபாக் எஸ் கிளாஸ் கிட்டத்தட்ட 5.5, கோஸ்ட் அதைவிடக் கொஞ்சம் கூட, ரோல்ஸ் ராய்ஸின் இன்னொரு வண்டியான ஃபேன்டம் 5.76. முகூர்த்தத்துக்கு முதல் நாள் அதே நேரத்தில் ஒரு இன்னோவாவை மண்டப வாசல் வரை ஓட்டிப் பாருங்கள். அதுவே இரண்டு தடவை ரிவர்ஸ் எடுத்துத்தான் திரும்புகிறது என்றால் ஃபேன்டமை விட்டுவிடுங்கள். வாசலில் சாக்கடை மேல் போட்ட சிமென்ட் சரிவையும் பாருங்கள், செங்குத்தாக இருந்தால் வண்டியின் அடி தட்டும்.

சரி, உள்ளே யார் உட்காரப் போகிறார்கள்? பொண்ணு, மாப்பிள்ளை, நடுவில் அக்கா குழந்தை என்று நாம் கணக்குப் போடுவோம். இந்த வண்டிகள் பலவற்றில் பின்னால் இரண்டே சீட், நடுவில் கை வைக்கும் பெரிய கன்சோல். புக் பண்ணும் முன் பின் சீட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ரோல்ஸ் ராய்ஸில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் பின்கதவு. கீல் பின்பக்கம் இருப்பதால் கதவு பின்னோக்கித் திறக்கும், கனமான பட்டு கட்டியவர்கள் அப்படியே திரும்பி உட்கார்ந்து, கால்களை உள்ளே இழுத்துக்கொண்டால் போதும், கொசுவம் கலையாது. ஆனால் கீழே விரித்திருக்கும் வெளிர் நிறக் கம்பளத்தில் குங்குமமோ ஈர மருதாணியோ பட்டால் சுத்தம் செய்யும் செலவு உங்கள் தலையில்தான், ஒரு பழைய வேட்டியைக் கையோடு எடுத்துப்போய் விரித்துவிடுங்கள்.

ஜானவாசத்துக்கு, அதாவது மாப்பிள்ளை அழைப்புக்கு, மூடிய வண்டியே வேண்டாம் என்பேன். நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் போகும் ஊர்வலத்தில் கறுப்புக் கண்ணாடிக்குள் மாப்பிள்ளை இருந்தால் யாருக்குத் தெரியும்? அதற்குத் திறந்த கார், ராத்திரி ரிசப்ஷனுக்குப் பெரிய கார் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ரோல்ஸ் ராய்ஸில் கூரையின் உட்பக்கம் நட்சத்திரம் மாதிரி விளக்குகள் வைத்த வண்டிகள் உண்டு, அந்த அழகும் இருட்டில்தான் தெரியும்.

பூ அலங்காரம் பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள். கோஸ்ட், ஃபேன்டம் பானெட் அலுமினியம், பூக்காரர் கொண்டுவரும் காந்தம் ஒட்டாது. டேப் ஒட்டினால் பெயின்ட் போகும். முகப்பில் இருக்கும் அந்தப் பெண் சிலை உள்ளே இறங்கிக்கொள்ளக்கூடியது, அதில் மாலை மாட்டாதீர்கள். சரவெடியை வண்டிக்கு வெகுதூரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் காகித விஷயம். வாடகை வண்டி என்றால் மஞ்சள் நம்பர் பிளேட்டில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். இந்த ரக வண்டிகள் சிலவற்றில் சொந்த உபயோகத்துக்கான வெள்ளை பிளேட்டே இருக்கும். விபத்து என்று வந்தால் காப்பீடு கிடைப்பது சிக்கல், நடுவழியில் மடக்கினால் முகூர்த்தமே போய்விடும். நம்பரை முன்னதாக வாங்கி அரசின் எம்-பரிவாகன் செயலியில் போட்டால் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்ஷூரன்ஸ் தேதி தெரியும். அந்த நம்பரையே ரசீதில் எழுதி வாங்குங்கள், போட்டோவில் ஒன்று, வாசலில் வேறொன்று என்ற பேச்சுக்கு இடமில்லாமல்.

வாடகை 8 மணி நேரம், 80 கிலோமீட்டருக்கு என்று சொன்னால், கணக்கு வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்பும்போது தொடங்குகிறதா, உங்கள் வீட்டு வாசலிலா என்று கேளுங்கள். டிரைவர் பேட்டா, டோல், கூடுதல் மணிக்கு எவ்வளவு, முன்பணம் எப்போது திரும்ப வரும், எல்லாம் எழுத்தில். டிரைவர் அந்த வண்டியை வழக்கமாக ஓட்டுபவர்தானா என்று விசாரித்து, முதல் நாளே அவரோடு போனில் பேசி, எந்தப் பக்கமாக வந்தால் தண்ணீர் லாரி நிற்காது என்பதைச் சொல்லிவிடுங்கள்.