வேர்டில் இரண்டு நெடுவரிசையாக எழுத்தை அமைப்பது எப்படி?

செய்திமடல், விழா மலர், வினாத்தாள் போன்றவற்றைத் தயாரிக்கும்போது பக்கத்தை இரண்டாகப் பிரித்து எழுத்தை ஓடவிட வேண்டியிருக்கும். இதற்காகப் பலர் டேபிள் போடுகிறார்கள், அல்லது ஸ்பேஸும் டேபும் தட்டி ஒப்பேற்றுகிறார்கள். பிறகு நடுவில் ஒரு வரி சேர்த்தால் போதும், எல்லாம் கலைந்துவிடும். வேர்டில் இதற்கென்றே உள்ள வசதியைப் பழகிக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

முதலில் முழுவதையும் வழக்கம்போலத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி முடித்துவிடுங்கள். நெடுவரிசை வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்வதுதான் நல்லது.

சரி, இப்போது தலைப்பை விட்டுவிட்டு, அதற்குக் கீழே உள்ள பாராக்களை மட்டும் செலக்ட் செய்யுங்கள். மேலே லேஅவுட் டேபில் காலம்ஸ் என்ற பட்டனை அழுத்தி, டூ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அவ்வளவுதான். தலைப்பு பக்கத்தின் முழு அகலத்துக்கும் நிற்கும், கீழே உள்ளது இரண்டாகப் பிரியும். எதையும் செலக்ட் செய்யாமல் பட்டனை அழுத்தினால் தலைப்பும் சேர்ந்து இடது நெடுவரிசைக்குள் போய்விடும்.

இங்கே வேர்டு சத்தமில்லாமல் ஒரு வேலை செய்திருக்கிறது. கன்ட்ரோல், ஷிப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். தலைப்புக்குக் கீழே இரட்டைப் புள்ளிக்கோடும், அதில் செக்‌ஷன் பிரேக் என்ற எழுத்தும் தெரியும். கோட்டுக்கு மேலே ஒரு செக்‌ஷன், கீழே இன்னொன்று. எத்தனை நெடுவரிசை என்பது ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் தனித்தனி. இது பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. ஏதோ வேண்டாத கோடு என்று அதை அழித்துவிடாதீர்கள். அழித்தால் மேலே உள்ள பகுதி கீழே உள்ளதன் அமைப்பை எடுத்துக்கொள்ளும், தலைப்பும் இரண்டு நெடுவரிசைக்குள் விழுந்துவிடும். தவறி அழித்திருந்தால் உடனே கன்ட்ரோல் இசட்.

அடுத்து, இடது பக்கம் முழுக்க நிரம்பி வலது பக்கம் பாதியில் நிற்பது. ஆவணத்தின் கடைசி வரை செலக்ட் செய்திருந்தால் இப்படி ஆகும். கர்சரைக் கடைசி எழுத்துக்குப் பின்னால் வைத்து, லேஅவுட்டில் பிரேக்ஸ், அதில் கன்டினியூவஸ் கொடுங்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகிவிடும்.

ஒரு துணைத்தலைப்பு அடுத்த நெடுவரிசையின் உச்சியில் தொடங்க வேண்டுமா? என்டரைத் தட்டித் தட்டிக் கீழே தள்ள வேண்டாம். அதன் முன்னால் கர்சரை வைத்து கன்ட்ரோல், ஷிப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

இடைவெளியை மாற்றவும், நடுவில் கோடு போடவும் காலம்ஸ் பட்டனின் கடைசியில் உள்ள மோர் காலம்ஸ் பக்கம் போங்கள். லைன் பிட்வீன் என்ற பெட்டியை டிக் செய்தால் கோடு வரும்.

மூன்று நெடுவரிசை வேண்டுமென்றால் கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. இருபுறமும் 2.54 செ.மீ. ஓரமும், நடுவில் 1.27 செ.மீ. இடைவெளிகளும் போனால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சுமார் 4.5 செ.மீ.தான். இரண்டாகப் பிரித்தால் 7.3 செ.மீ. கிடைக்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ‘அறிமுகப்படுத்தப்பட்டிருக்கிறது’ என்ற ஒரு சொல்லே வரியை அடைத்துக்கொள்ளும். அதில் ஜஸ்டிஃபை (வரியின் இரண்டு ஓரத்தையும் சீராக்குவது) வேறு கொடுத்திருந்தால் சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய ஓட்டைகள் விழும், படிக்கவே கஷ்டமாக இருக்கும். அப்போது கன்ட்ரோல் எல் அழுத்தி இடப்பக்கம் மட்டும் சீராக்குங்கள், எழுத்தின் அளவையும் ஒரு புள்ளி குறைத்துப் பாருங்கள். தமிழுக்கு இரண்டே போதும் என்பது என் கருத்து.

எல்லாம் சரியாகச் செய்தும் திரையில் ஒரே நெடுவரிசையாகத் தெரிந்தால், வியூ டேபில் பிரின்ட் லேஅவுட்டுக்கு மாற்றுங்கள். டிராஃப்ட் பார்வையில் நெடுவரிசைகள் அருகருகே தெரியாது.

கூகுள் டாக்ஸ், லிப்ரே ஆஃபீஸ் இரண்டிலும் ஃபார்மட் மெனுவுக்குள் காலம்ஸ் இருக்கிறது. கூகுள் டாக்ஸில் அதிகபட்சம் மூன்றுதான் வைக்க முடியும்.