பழுதான சுருக்கக் கோப்பை ஸ்கிரிப்ட்டே பிடிப்பது எப்படி? படிப்படியான செய்முறை

இரவு 2 மணிக்கு, குறித்த நேரத்தில் ஸ்கிரிப்ட்டைத் தானாக ஓட்டும் கிரான் ஓடுகிறது. டார்-ஜிஜிப் கோப்பு (பல கோப்புகளை டார் ஒன்றாகக் கட்டி, ஜிஜிப் சுருக்கியது) ஒன்று வந்திருக்கிறது. ஸ்கிரிப்ட் அதைப் பிரித்து, உள்ளே இருப்பதை டேட்டாபேஸில் ஏற்றுகிறது. கோப்பு பாதியில் அறுந்திருந்தால், பிரிக்கும் கட்டளை அறுந்த இடம் வரை கிடைத்ததையெல்லாம் டிஸ்கில் எழுதிய பிறகுதான் பிழை சொல்லும். ஸ்கிரிப்ட் அந்தப் பிழையைக் கவனிக்காவிட்டால், அடுத்த வரி பாதித் தரவை முழுத் தரவு என்று நம்பி ஏற்றிவிடும். திரையில் வரும் செய்தியைப் படிக்க அந்த நேரத்தில் ஆள் கிடையாது. கட்டளை முடியும்போது திருப்பித் தரும் எண்ணான எக்ஸிட் கோட் ஒன்றைத்தான் நம்ப முடியும்; 0 என்றால் வெற்றி.

லினக்ஸில் பாஷ், குனு கருவிகள் ஆகியவற்றை வைத்து எழுதுகிறேன். இஃப், லூப் எழுதத் தெரிந்தால் போதும். கட்டளைகளை உச்சரிப்பில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பாஷ் மாறியின் பெயரில் தமிழ் எழுத்து செல்லாது.

படி 1: கோப்பு முழுதாக வந்து சேர்ந்ததா?

இன்னும் வந்துகொண்டிருக்கும் கோப்பும் பழுதான கோப்பும் ஜிஜிப்புக்கு ஒன்றுதான். இரண்டுக்கும் 'எதிர்பாராத இடத்தில் கோப்பு முடிந்தது' என்றே சொல்லும். அனுப்புகிறவர் பெயரின் கடைசியில் 'பார்ட்' என்று சேர்த்து எழுதி, முடிந்ததும் எம்வி கட்டளையால் உண்மைப் பெயருக்கு மாற்றட்டும். ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் எம்வி பெயரை மட்டும் மாற்றும், அதனால் பாதிக் கோப்பு உங்கள் ஸ்கிரிப்ட்டின் கண்ணில் படவே படாது. 30 வினாடி இடைவெளியில் அளவை இருமுறை பார்த்து ஒப்பிடும் வழியும் உண்டு. நெட்வொர்க் ஒரு நிமிடம் நின்றால் அது ஏமாந்துவிடும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே கர்ல் கொண்டு இறக்கினால் --ஃபெயில் கொடி (கட்டளையோடு சேர்க்கும் விருப்பச் சொல்) கட்டாயம். அது இல்லாவிட்டால் சர்வர் அனுப்பும் 404 பக்கத்தையே ஜிஜிப் பெயரில் சேமித்துவிட்டு கர்ல் 0 என்று திரும்பும். கொடி இருந்தால் 22 வரும். இறக்கம் நடுவில் அறுந்தால் 18.

படி 2: அளவும் முதல் பைட்டுகளும்

கோப்பு 0 பைட் இல்லை என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். சுருக்காத வெறும் டார் கோப்பு 0 பைட்டாக இருந்தால் குனு டார் அதைக் காலி ஆர்கைவ் என்று ஏற்று 0 தரும். ஜிஜிப்பின் முதல் இரண்டு பைட்டுகள் 31, 139. ஜிப்புக்கு 80, 75. அதை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள் அவை. 'ஜிஜிப் வடிவமே இல்லை' என்று செய்தி வந்தால் ஹெட் கட்டளையில் முதல் வரியைப் பாருங்கள். < குறியோடு தொடங்கினால் வந்திருப்பது ஏதோ ஒரு வலைப்பக்கம்.

படி 3: பிரிக்கும் முன் சோதனை

ஜிஜிப், பிஜிப்2, எக்ஸ்இசட், இசட்எஸ்டிடி ஆகிய சுருக்கும் கருவிகள் நான்குக்கும் --டெஸ்ட் கொடி உண்டு. அன்ஜிப்புக்கு ஹைபன் டி (டெஸ்ட்டின் முதலெழுத்து). ஜிஜிப் சோதனை கோப்பு முழுவதையும் விரித்துப் பார்த்து, எதையும் எழுதாமல், கடைசி 8 பைட்டுகளோடு ஒப்பிடுகிறது. முதல் 4 பைட் சிஆர்சி-32 (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்), அடுத்த 4 பைட் விரித்த அளவு. ஏறக்குறைய பிரிப்பதற்கு ஆகும் நேரம் இதற்கும் ஆகும். அந்த நேரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். --லிஸ்ட் கொடியைச் சோதனையாகப் பயன்படுத்தக் கூடாது. பழைய ஜிஜிப்பில் அது கடைசிப் பைட்டுகளை மட்டும் படித்து அளவு சொல்கிறது, 4 ஜிபியைத் தாண்டினால் அந்த அளவும் தப்பு.

ஜிஜிப் சரி என்றால் உள்ளே இருக்கும் டாரும் சரி என்று ஆகாது. அனுப்பும் பக்கத்தில் டார் பைப் வழியாக ஜிஜிப்புக்குப் போகும்போது டார் நடுவில் செத்தால், ஜிஜிப்புக்கு அது சாதாரண முடிவுதான். ஒழுங்காகக் கணக்கு எழுதி மூடிவிடும். பாதி டார், குறையில்லாத ஜிஜிப்! அதனால் ஜிஜிப் சோதனைக்குப் பிறகு டார் --லிஸ்ட்டும் ஓட்டி, வெளியீட்டை நல் சாதனத்துக்கு (டெவ்-நல், எழுதியதையெல்லாம் தூக்கியெறியும் இடம்) திருப்புங்கள்.

டாரின் செக்சம் (சரிபார்ப்பு எண்) ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் வரும் 512 பைட் தலைப்பை மட்டுமே காக்கிறது. உள்ளடக்கத்துக்குக் காவல் இல்லை. சுருக்காத டாரில் ஒரு பிட் புரண்டால் பட்டியலும் வரும், பிரிக்கவும் பிரியும். அங்கே முழுக் கோப்புக்குமான செக்சம் அடங்கிய ஷா-256 கோப்பு கூடவே வந்தாக வேண்டும்.

படி 4: எக்ஸிட் கோடைச் சரியாகப் பிடிப்பது

பலரும் சறுக்கும் இடம் இதுதான், பொறுமையாகப் படியுங்கள். சோதனையைச் சரியாக எழுதிவிட்டு விடையைத் தவற விடுவார்கள்.

இஃப், அதன்பின் ! குறி, அதன்பின் ஜிஜிப் --டெஸ்ட் என்று எழுதி, உள்ளே $? மதிப்பை (கடைசிக் கட்டளையின் எக்ஸிட் கோட்) லாகில் எழுதினால் எப்போதும் 0 என்றே பதிவாகும். ! குறி விடையைத் திருப்பிப் போட்டுவிட்டது; $? இப்போது வைத்திருப்பது திருப்பிய விடை. இப்படி எழுதுங்கள்:

ரிட்=0
ஜிஜிப் --டெஸ்ட் "$1" || ரிட்=$?

பிழை வந்ததும் ஸ்கிரிப்ட்டை நிறுத்தும் செட் ஹைபன் இ போட்டிருந்தாலும் || இருப்பதால் ஸ்கிரிப்ட் இந்த வரியில் சாகாது, எண்ணும் கைக்கு வரும்.

அடுத்தது பைப். ஜிஜிப்பிலிருந்து இன்னொரு கட்டளைக்கு | போட்டால் கடைசிக் கட்டளையின் எண் மட்டுமே வெளியே தெரியும். முதல் கட்டளை செத்தது தெரியாது. ஸ்கிரிப்ட் தொடக்கத்தில் செட் ஹைபன் ஓ பைப்ஃபெயில் வையுங்கள், பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் வெளியே தெரியும். இதற்கும் ஒரு பக்கவிளைவு உண்டு: ஜிஜிப்பிலிருந்து ஹெட்டுக்குப் பைப் போட்டு முதல் வரியை மட்டும் எடுத்தால் 141 வரலாம். ஹெட் வாசலை மூடியதால் ஜிஜிப் 13-ஆம் சிக்னலில் நின்றது, 128-உம் 13-உம் சேர்ந்து 141. கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது, ஃபங்ஷனுக்குள் லோக்கல் மாறி. அறிவிப்பையும் கட்டளையின் வெளியீட்டை வாங்குவதையும் ஒரே வரியில் எழுதினால் கிடைப்பது லோக்கல் கட்டளையின் எக்ஸிட் கோட், அதாவது 0. இரண்டு வரியாகப் பிரியுங்கள்.

எண் கிடைத்தபின் அதன் பொருள் கருவிக்குக் கருவி மாறும். ஜிஜிப்பில் 1 பிழை, 2 எச்சரிக்கை. கோப்பின் முடிவில் குப்பை ஒட்டியிருந்தால் 2 வரும். டாரில் 2 என்றால் பெரும் பிழை. அன்ஜிப்பில் 1 எச்சரிக்கை, 2-உம் 3-உம் பழுது, 50 டிஸ்க் நிறைந்தது. அன்ஜிப்பின் 9-ஐக் கோப்பு இல்லை என்று மட்டும் படிக்காதீர்கள். ஜிப்பின் பொருளடக்கம் கோப்பின் வாலில் இருக்கிறது. வால் அறுந்தாலும் 9 வரும். எல்லாக் கருவிக்கும் ஒரே கேஸ் பட்டியல் எழுதினால் நிச்சயம் தப்பாகும்.

படி 5: தற்காலிக ஃபோல்டரில் பிரித்து, பிறகு நகர்த்துங்கள்

எம்கேடெம்ப் ஹைபன் டி (டைரக்டரியின் முதலெழுத்து) கொண்டு புது ஃபோல்டர் எடுங்கள். அது இறுதி இடம் இருக்கும் அதே ஃபைல் சிஸ்டத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் எம்வி நகலெடுக்கத் தொடங்கிவிடும். ஸ்கிரிப்ட் முடியும்போது ஓடும் டிராப் எக்ஸிட்டில் அந்த ஃபோல்டரை அழிக்கும் கட்டளை வையுங்கள். சோதனை தேறி, பிரிப்பது மட்டும் தோற்றால் குற்றம் பெரும்பாலும் ஆர்கைவில் இல்லை. டிஎஃப் ஓட்டி இடம் இருக்கிறதா பாருங்கள், அனுமதியைப் பாருங்கள். சோதனையையும் பிரிப்பதையும் தனித்தனியாக வைக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

படி 6: தோற்றால்

3 முறை மறுபடி இறக்குங்கள், நடுவே 60 வினாடி விடுங்கள். ஒவ்வொரு முறையும் பழைய பாதியை அழித்துவிட்டுத் தொடங்க வேண்டும். விட்ட இடத்திலிருந்து தொடரும் கொடி, கெட்ட பைட்டுகளுக்குப் பின்னால் நல்ல பைட்டுகளை ஒட்டும். அப்படியும் தேறாவிட்டால் தனி ஃபோல்டரில் ஒதுக்குங்கள், அழிக்காதீர்கள். காரணத்தைக் கோப்பே காட்டிக்கொடுக்கும்: அளவு குறைந்திருந்தால் இறக்கம் அறுந்தது. கூடியிருந்தால், எஃப்டிபி டெக்ஸ்ட் முறையில் போய், 10 என்ற பைட் ஒவ்வொன்றும் 13, 10 என இரண்டாகியிருக்கலாம். அளவு சரி, செக்சம் தப்பு என்றால் டிஸ்க், ரேம் பக்கம் தேடுங்கள்.

லூப்பில் ஒரு கோப்பு கெட்டதற்காக மற்றவற்றை நிறுத்த வேண்டாம். கெட்டவற்றை எண்ணிவைத்து, கடைசியில் 1 என்று வெளியேறினால் கண்காணிக்கும் மென்பொருள் பிடித்துக்கொள்ளும்.

மீட்கும் வேலையை ஸ்கிரிப்ட்டிடம் கொடுக்காதீர்கள். ஜிப் ஹைபன் எஃப்எஃப் மாதிரியானவை ஊகித்து ஒட்டுகின்றன. விளைவை மனிதர் பார்த்தாக வேண்டும். பிஜிப்2 மட்டும் சற்று ஆறுதல்: தரவை 900 கேபி வரையிலான துண்டுகளாகச் சுருக்கி ஒவ்வொன்றுக்கும் தனி சிஆர்சி வைப்பதால் பிஜிப்2ரெகவர் நல்ல துண்டுகளைப் பிரித்தெடுக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இசட்எஸ்டிடி. கட்டளை வரியில் செக்சம் தானாகவே சேர்கிறது, விரிக்கும் வேகத்தால் சோதனையும் சீக்கிரம் முடிகிறது.

பின்சேர்க்கை: ஜிப் சோதனை அசையாமல் நின்றால்

டெர்மினலில் ஓட்டும்போது நின்றுபோனால் பெரும்பாலும் பாஸ்வேர்ட் கேட்டுக் காத்திருக்கிறது. அன்ஜிப் பாஸ்வேர்டை நேராக டெர்மினலிடம் கேட்பதால், உள்ளீட்டை நல் சாதனத்துக்குத் திருப்பினாலும் பயனில்லை. பெரிய பி (பாஸ்வேர்டின் முதலெழுத்து) கொடியோடு ஏதாவது ஒரு சொல்லைக் கொடுத்துவிடுங்கள்; பூட்டிய கோப்பு என்றால் 82 வரும், அதைப் பழுதுக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிரிக்கும்போது ஏற்கெனவே இருக்கும் கோப்பை மாற்றலாமா என்ற கேள்விக்கு ஹைபன் ஓ அல்லது ஹைபன் என். இத்தனைக்கும் மேலே டைம்அவுட் 600 என்று போர்த்துங்கள். நேரம் தீர்ந்தால் 124 வரும், அதற்கும் உங்கள் கேஸ் பட்டியலில் தனி வரி வேண்டும்.