சென்னைப் புறநகரில் வீடு வாங்கும்போது ஏரியா விஷயத்தில் செய்யும் தவறுகள்

தை பிறந்ததும் தாம்பரம், மேடவாக்கம், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு பார்க்கும் குடும்பங்கள் கிளம்பிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை என்று யாரும் வெளியே போவதில்லை. மார்கழியில் நல்ல காரியம் பேசுவதில்லை. ஆக, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தேங்கிய தண்ணீர் வடிந்து, சாலையில் பேட்ச் வேலை முடிந்து, சுவருக்குப் புதுப் பெயின்ட் அடித்த பிறகுதான் பெரும்பாலானவர்கள் அந்தத் தெருவை முதன்முதலாகப் பார்க்கிறார்கள். வைகாசிக்குள் பத்திரப்பதிவும் முடிந்துவிடுகிறது. அந்த ஏரியாவின் மழைக்காலம் எப்படி இருக்கும் என்று தெரியவரும்போது வங்கித் தவணை ஐந்தாறு கட்டியாகியிருக்கும்.

வீட்டுக்குள் இருக்கும் குறைகளைப் பெரும்பாலும் செலவு செய்து சரிசெய்துவிடலாம். டைல்ஸ் மாற்றலாம், சமையலறையை இடித்துக் கட்டலாம். தெருவையும் ஊரையும் அப்படி மாற்ற வழியில்லை. இருந்தும் வீடு பார்க்கப் போகிறவர்கள் படுக்கையறை அலமாரியைத் திறந்து திறந்து பார்ப்பார்கள்; தெருவில் பத்து நிமிடம் நின்று நாலு பேரிடம் பேசமாட்டார்கள். முதல் தவறு அங்கேதான் தொடங்குகிறது.

"இங்கெல்லாம் தண்ணி நிக்காது சார்"

இந்த ஒரு வாக்கியத்தை நம்பி வாங்கியவர்கள் புறநகர் முழுக்க இருக்கிறார்கள். புரோக்கர் சொல்வதை விடுங்கள், அதே தெருவில் சொந்த வீடு வைத்திருப்பவரும் இதையேதான் சொல்வார். தண்ணீர் நிற்கிறது என்று வெளியே தெரிந்தால் அவர் வீட்டு விலையும் இறங்கும். உண்மை வேண்டுமென்றால் வாடகைக்குக் குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். அதிலும் தரைத்தளத்தில் இருப்பவர்களிடம். அப்புறம் இஸ்திரி வண்டிக்காரர், மளிகைக் கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டில் நிற்பவர்கள். "தண்ணி வருமா?" என்று கேட்டால் "அதெல்லாம் இல்லீங்க" என்றுதான் பதில் வரும். "2015ல எது வரைக்கும் வந்துச்சு? 2023 மிக்ஜாம் புயல்ல எத்தனை நாள் நின்னுச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். முட்டியா, இடுப்பா என்று கையால் காட்டியே சொல்வார்கள்.

"ஏரி தூரத்தில்தான் இருக்கிறது" என்று நினைத்துக்கொள்வதும் போதாது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். ஆனால் முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பகுதிகள் மூழ்கியது அந்தத் தண்ணீரால் அல்ல. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேருவது இந்தப் பகுதிகளுக்கெல்லாம் கீழே, திருநீர்மலைப் பக்கம். முடிச்சூருக்கு வந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளெல்லாம் நிரம்பி வழிந்த தண்ணீர். கிழக்குப் பக்கமும் இதே கதைதான். சேலையூர், மாடம்பாக்கம், செம்பாக்கம் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஏரிகள் நிரம்பி, உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வருகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்க் கடலில் சேரவேண்டும். 2022ல் ராம்சர் தலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அந்தச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே கட்டடமாகவும் குப்பைக் கிடங்காகவும் சாலையாகவும் சுருங்கிவிட்டது. வேளச்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் தண்ணீர் வடிய நாள்கணக்கில் ஆவதற்கு இது முக்கியக் காரணம். ஆகவே, நாம் பார்க்கும் மனைக்கு மேலே எந்தெந்த ஏரிகள் இருக்கின்றன, அவை நிரம்பினால் கலங்கல் வழியாக வழியும் உபரிநீர் எந்தப் பக்கம் போகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏரி எத்தனை கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது என்பதைவிட இதுதான் முக்கியம்.

தெருவே பல விஷயங்களைச் சொல்லிவிடும், பார்க்கத் தெரிந்தால் போதும். கேட்டுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்குச் செங்கல் சுவர் எழுப்பி, அதைத் தாண்டி உள்ளே போகப் படி வைத்திருக்கிறார்களா? மின் மீட்டர் பெட்டியைக் கழற்றி ஆள் உயரத்துக்கு மேலே மாட்டியிருக்கிறார்களா? சுவரில் பழைய பெட்டியின் திருகாணி ஓட்டைகள் கீழே அப்படியே இருக்கும், பாருங்கள். மோட்டாருக்குத் தனியாக மேடை கட்டியிருக்கிறார்களா? பழைய வீடுகளின் வாசல் சாலையைவிடத் தாழ்ந்து கிடக்கிறதா? புது வீடுகளெல்லாம் நாலைந்து படி ஏறிப் போகும்படி இருக்கின்றனவா? ஒரே தெருவில் இவற்றில் இரண்டு மூன்று தென்பட்டால் அங்கே இருப்பவர்கள் அனுபவப்பட்டவர்கள் என்று பொருள். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடனே வேளச்சேரிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தினார்கள். முந்தைய மழைகளில் காரைப் பறிகொடுத்தவர்களின் முன்ஜாக்கிரதை அது.

"நாம மூணாவது மாடிதானே" என்ற சமாதானமும் சரியல்ல. சம்ப், மோட்டார், மின் இணைப்புப் பெட்டி, லிஃப்ட் குழி எல்லாம் கீழேதான் இருக்கின்றன. சம்ப்பில் சாக்கடைத் தண்ணீர் கலந்துவிட்டால் மூன்றாவது மாடிக் குழாயிலும் அதுதான் வரும். வயதான பெற்றோரும் கைக்குழந்தையும் இருக்கும் வீட்டில் மின்சாரமும் தண்ணீரும் இல்லாமல் மூன்று நாள் என்பது சின்ன விஷயம் இல்லை.

ஆவணத்திலும் பார்க்கலாம். நில ஆவணங்களுக்கான அரசு இணையதளத்திலேயே அ-பதிவேடும் (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்வது) புல வரைபடமும் (நிலத்தின் எல்லைகளைக் காட்டுவது) கிடைக்கின்றன. நம் மனையின் சர்வே எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். சுற்றியிருக்கும் எண்களையும் போட்டுப் பாருங்கள். ஓடை, வாய்க்கால், ஏரி என்று புறம்போக்கு வகைப்பாடு வந்தால் தண்ணீரின் வழி எது என்று தெரிந்துவிடும். கூகுள் எர்த்தில் இருபது வருடத்துக்கு முந்தைய செயற்கைக்கோள் படத்தையும் எடுத்துப் பார்க்கலாம். இன்று நகர் என்று பெயர்ப்பலகை வைத்திருக்கும் இடம் அன்று பச்சையாக வயலாகவோ பளபளவென்று நீராகவோ இருந்திருக்கலாம்.

மழைக்கு நேர் எதிரான பிரச்சினை

அதே ஏரியாவில் மே மாதம் குடிக்கத் தண்ணீர் இருக்காது. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டபோது ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) அடுக்குமாடிகள் முழுக்க முழுக்க லாரித் தண்ணீரை நம்பித்தான் ஓடின. வீடு பார்க்கும்போது "போர் இருக்கு, தண்ணி பிரச்சினையே இல்லை" என்பார்கள். எத்தனை அடி ஆழம், மே மாதத்தில் எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடும், தண்ணீர் உப்பா, இரும்புக் கறை படிகிறதா என்று கேட்க வேண்டும். அடுக்குமாடி என்றால் சங்கத்திடம் ஏப்ரல், மே மாதப் பராமரிப்புக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். லாரிக்கு எவ்வளவு போகிறது என்பது அதில் இருக்கும். தனி வீடு என்றால் தண்ணீர் லாரி அந்தத் தெருவுக்குள் திரும்பி வர முடியுமா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த உள்ளாட்சி என்று கேட்காமல் விடுவது

விளம்பரத்தில் எல்லாமே "சென்னை"தான். ஆனால் வீடு இருப்பது பெருநகர சென்னை மாநகராட்சியிலா, 2019ல் உருவான ஆவடி மாநகராட்சியிலா, 2021ல் உருவான தாம்பரம் மாநகராட்சியிலா, இல்லை கிராம ஊராட்சியிலா என்பதைப் பொறுத்து வாழ்க்கையே மாறும். குப்பை வண்டி வருமா, தெருவிளக்கு எரியுமா, குழாய்த் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, பாதாளச் சாக்கடை உண்டா இல்லையா என்று எல்லாமே இதில் அடங்கியிருக்கிறது. மேடவாக்கம் போன்ற இடங்கள் நகரமாகவே வளர்ந்த பிறகும் ஊராட்சியாகவே இருந்தன. பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் செப்டிக் டேங்க்தான். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறும்போது டேங்க் சீக்கிரம் நிரம்பும், கழிவுநீர் லாரிக்குப் போன் போட்டுக் காத்திருக்க வேண்டும். "சீக்கிரமே மாநகராட்சியோட சேர்த்துடுவாங்க" என்பார்கள். சேர்த்த அன்றே குழாய் வந்துவிடாது. வரியும் அறிவிப்பும் முதலில் வரும், தெருவைத் தோண்டுவது அப்புறம் நடக்கும், தோண்டிய தெருவைப் போடுவது அதற்கும் அப்புறம்.

இதோடு சேர்ந்தது மனைப்பிரிவு அங்கீகாரம். சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதன்பிறகு 2017ல் அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்திக்கொள்ள வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன்பு உருவான மனைப்பிரிவுகளுக்குத்தான் அது பொருந்தும். பலரும் இதை வெறும் பத்திரப் பிரச்சினையாகப் பார்க்கிறார்கள். முறையான மனைப்பிரிவில் சாலையும் பூங்கா இடமும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்டிருக்கும். அப்படி ஒப்படைக்காத தெருவுக்கு யாரும் சாலை போடமாட்டார்கள், வடிகால் கட்டமாட்டார்கள். புரோஷரில் பச்சை வண்ணத்தில் பூங்கா போட்டிருந்தால் நேரில் போய் அந்த இடம் இப்போது என்னவாக இருக்கிறது என்று பாருங்கள். வங்கி கடன் கொடுக்கிறது என்பதற்காக ஏரியா நல்லது என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். வங்கி பார்ப்பது தன் பணம் திரும்பி வருமா என்பதைத்தான்.

வரப்போகும் ரயிலுக்கு இன்றே விலை கொடுப்பது

வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை பறக்கும் ரயிலை நீட்டிக்கும் வேலை 2008ல் தொடங்கியது. தூரம் வெறும் 5 கிலோமீட்டர். நிலம் கையகப்படுத்துவதில் சிக்கி, 15 வருடம் கடந்த பிறகும் ரயில் ஓடாமலேயே இருந்தது. ஆதம்பாக்கத்தில் "ஸ்டேஷன் பக்கத்திலேயே" என்று நம்பி வாங்கியவர்களின் பிள்ளைகள் பள்ளி, கல்லூரி முடித்துவிட்டார்கள். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் திறக்கப்பட்டபோது பக்கத்தில் ரயில் நிலையம் தயாராகவில்லை. மூட்டை முடிச்சோடு ஜனங்கள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகள் நடக்கும் சாலைகளில் வருடக்கணக்காகப் பாதி சாலைதான் வண்டிகளுக்கு மிச்சம். வரப்போகும் வசதியை விலையில் சேர்த்துத்தான் கேட்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கோ இந்த ஜூனிலேயே பள்ளிக்குப் போக வேண்டும்.

இன்றைக்கு இருப்பதை வைத்து முடிவெடுங்கள். திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து கிளம்பி அலுவலகம் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள், மாலையில் அதே வழியில் திரும்புங்கள். ஞாயிறு மதியம் பதினைந்து நிமிடத்தில் கடந்த பல்லாவரம் துரைப்பாக்கம் ரேடியல் சாலை அன்று வேறு சாலையாக இருக்கும். அலுவலகத்துக்குப் பக்கம் என்பதற்காகவே ஒரு ஏரியாவைத் தேர்ந்தெடுப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். ஐ.டி. வேலையில் நாலு வருடத்துக்கு ஒரு கம்பெனி மாறுகிறோம், கணவனுக்கும் மனைவிக்கும் இரு திசையில் அலுவலகம் இருக்கிறது. கடற்கரை செங்கல்பட்டு மின்சார ரயில் பாதையில் ஏதாவது ஒரு நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு இருந்தால், வேலை எங்கே மாறினாலும் ஓரளவு சமாளிக்கலாம்.

பள்ளி, மருத்துவமனை பற்றி எல்லோருமே கேட்கிறார்கள், அதனால் அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் என்று காட்டும் பள்ளி, ஜி.எஸ்.டி. சாலை என்கிற பெரிய நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கமோ ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கமோ இருக்கலாம். பத்து வயதுப் பிள்ளை தனியாக சைக்கிளில் போய்வர முடியுமா என்று நடந்து பார்த்துவிடுங்கள். பகலில் வீட்டில் இருக்கப்போகும் அம்மா அப்பாவையும் கூட்டிப்போய் அவர்களை ஒரு சுற்று நடக்கச் சொல்லுங்கள். கோயில், காய்கறிக் கடை, மருந்துக் கடைக்கு அவர்களாகவே போய்வர முடியாத இடத்தில் அவர்கள் வீட்டுக்குள்ளேயே அடைந்துவிடுவார்கள். சம்பாதிக்கிறவர்கள் காலையில் போய் இரவில் வருகிறோம். அந்தத் தெருவில் முழுநேரம் வாழப்போகிறவர்கள் அவர்கள்தான், அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் நான் அந்த வீட்டை வாங்கமாட்டேன்.

பகலில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளைச் சுற்றியுள்ள ஏரியாக்களில் காற்று திரும்பினால்தான் நாற்றம் தெரியும். இரவு ஏழு, எட்டு மணிக்கு ஒருமுறை போங்கள். பம்மல், பொழிச்சலூர்ப் பக்கம் விமானங்கள் தாழப் பறக்கும், தூக்கம் கலையுமா என்பது இரவில் அங்கே நின்றால்தான் தெரியும்.

கையில் அவகாசம் இருந்தால் எல்லாவற்றையும்விட நல்ல வழி ஒன்று உண்டு. மனதுக்குப் பிடித்த ஏரியாவிலேயே ஒரு பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்குப் போய்விடுங்கள். வைகாசி, ஆனியில் குடிபோனால் கோடையின் கடைசியும் முழு மழைக்காலமும் அதில் அடங்கிவிடும். பள்ளி வேன், தண்ணீர், தெருக்காரர்கள் என்று எல்லாம் பழகிவிடும். எந்தத் தெரு மேடு, எந்தத் தெரு பள்ளம் என்று புரோக்கரைவிட நமக்கு நன்றாகத் தெரியும். விலைக்கு வரும் வீடுகள் பற்றிய செய்தியும் விளம்பரம் வருவதற்கு முன்பே நம் காதுக்கு வரும். அது முடியாதவர்கள் டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதைக் கார்த்திகை வரை தள்ளிப்போடுங்கள். ஓர் இரவு முழுக்கக் கொட்டித் தீர்த்த மழைக்கு மறுநாள் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். "இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க" என்று அவசரப்படுத்தினால் அவர்களே வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள். அந்தப் பக்கம் அடுத்த மாதமும் வீடு விலைக்கு வரும்.