சிவப்பு நட்சத்திரமும் 2047ம்: தொலைநோக்கு எழுத வருபவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் மூன்று பிள்ளைகள் ஆந்திராவின் தமிழ்நாட்டு எல்லையில் உள்ள குப்பம் ஊரில் என் அறைக்கு வந்தார்கள். பொறியியல் முடித்தவர்கள், வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. ஊராட்சிக்கு டிஜிட்டல் சேவைத் திட்டம் ஒன்று எழுதியிருந்தார்கள். முதல் பக்கத்திலேயே 2047. எங்கள் மாநிலத்தில் 2024 டிசம்பரில் 'ஸ்வர்ண ஆந்திரா 2047' என்ற அரசின் தொலைநோக்கு ஆவணம் வெளியானதிலிருந்து எல்லா வரைவும் அந்த ஆண்டில்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் 2020 இருந்தது. 1999ல் வந்த 'விஷன் 2020' காலத்தில் நானும் இப்படித்தான் எழுதிக்கொண்டு திரிந்தேன்.

படிக்கப் படிக்க என் பழைய தவறுகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. பட்ஜெட் கூட்டல், எழுத்துப்பிழை போன்றவற்றை யாரும் திருத்திவிடுவார்கள். நான் சொல்ல வருவது வேறு.

நிறைவேறுமா என்று மட்டும் கேட்பது

தொலைநோக்கை ஜோசியம்போலப் படிக்கிறோம். பலித்ததா, பலிக்கவில்லையா என்று பார்த்துவிட்டு மூடிவைக்கிறோம். ஆனால் அது பலிப்பதற்கு முன்பே வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. பின்னாளில் இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்டன் மூர் 1965ல், ஒரு கணினிச் சில்லுக்குள் அடங்கும் உறுப்புகள் ஆண்டுக்கு ஆண்டு இரட்டிப்பாகும் என்று எழுதினார். 1975ல் அதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று திருத்தினார். அது இயற்கை விதி இல்லை. கம்பெனிகள் அதையே இலக்காக வைத்து முதலீட்டைத் திட்டமிட்டன, அதனால் பல பத்தாண்டுகள் அது நடந்தது.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2002ல் எச்.பி. கணினி நிறுவனம் மாநில அரசோடு சேர்ந்து குப்பத்தில் 'ஐ-கம்யூனிட்டி' என்று மூன்றாண்டுத் திட்டம் தொடங்கியது. ஊர் ஊராகத் தகவல் மையங்கள். அதே திட்டத்தில் சுயஉதவிக் குழுப் பெண்கள் சிலருக்கு டிஜிட்டல் கேமராவும் சூரிய மின்சாரத்தில் ஓடும் சின்ன பிரிண்டரும் தந்து, படம் எடுத்துச் சம்பாதிக்கப் பழக்கினார்கள். ஜெயித்ததா தோற்றதா என்று இந்தப் பிள்ளைகள் கேட்டார்கள். நான் கேட்பது வேறு: கணினி என்றால் வீட்டில் இருப்பதா, பொதுவில் ஒரு மையத்தில் இருப்பதா? அதை அன்று யாரோ கற்பனை செய்தார்கள், அந்தக் கற்பனைப்படி கட்டடமும் பணமும் போயின.

அறிவியலுக்கும் சமூகத்துக்கும் உள்ள உறவை ஆராயும் ஷீலா ஜசனாஃப், சாங்-ஹியூன் கிம் இருவரும் 2009ல் அமெரிக்காவையும் தென்கொரியாவையும் அணுசக்தி விஷயத்தில் ஒப்பிட்டு எழுதியதும் இதைத்தான். தொழில்நுட்பம் ஒன்றே. அமெரிக்காவில் அரசு தன்னை அபாயத்தை அடக்கிவைக்கும் காவல்காரனாகப் பார்த்தது, தென்கொரியாவில் அணுவை வைத்து நாட்டை வளர்ப்பவனாகப் பார்த்தது. கொள்கையும் அப்படியே பிரிந்தது.

இன்றைய ஓட்டையை நாளைய கணக்கில் எழுதுவது

இதைச் சொல்லும்போது இன்றும் எனக்கு எரிச்சல் வரும். ஏனென்றால் செய்தவன் நான்.

ஆதார் ஆணையம் 2009ல் அமைந்தது. அடுத்த ஆண்டு நான் ஒரு தொண்டு நிறுவனத்துக்காகப் பட்டுப்புழு வளர்ப்பவர்களின் பதிவு மென்பொருள் செய்துகொண்டிருந்தேன். பெயருக்கு இரண்டு கட்டம்: இன்ட்டி பேரு (குடும்பப் பெயர்), சொந்தப் பெயர். தெலுங்கு வீடுகளில் குடும்பப் பெயர் முன்னால் வரும், அது இல்லாமல் பெயரே இல்லை. அதனால் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம் போட்டேன். நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது.

எங்கள் தமிழ் வீடுகளில் ஏது இன்ட்டி பேரு? அப்பா பெயரின் முதல் எழுத்து, அவ்வளவுதான். என் பெயரும் அப்படித்தான். இருந்தும் போட்டேன். கூட வேலை செய்த ஒருவர் கேட்டபோது, "ஆளுக்கு ஒரு ஆதார் எண் வரப்போகுது, பெயர் எப்படி இருந்தா என்ன, அப்புறம் தானா சரியாயிடும்" என்றேன்.

பதிவு செய்த பையன்கள் என்ன செய்வார்கள்? ஒருவன் 'எம்' என்று போட்டான். ஒருவன் அப்பா பெயரை முழுதாக விரித்தான். இன்னொருவன் ஊர்ப் பெயரைப் போட்டான். ஒருவன் வெறும் புள்ளி வைத்தான். சிலருக்குச் சாதிப் பெயரை இட்டு நிரப்பியிருந்தார்கள். வாழ்நாளில் அவர்கள் ஒருமுறைகூட எழுதிக்கொள்ளாத பெயர்.

எண் வந்தது. ஆனால் எண்ணை ஒட்டவைக்கும்போது பெயரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். என் பட்டியலை வைத்துத் திறந்த வங்கிக் கணக்கில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், நிலத்துக்கான பட்டாதார் பாஸ்புக்கில் மூன்றாவது. மானியம் திரும்பிப் போனது. கணவனை இழந்த ஒரு அக்கா மூன்று முறை பஸ் ஏறி வந்தார். மூன்றாம் முறை சொன்னார்: "தம்பி, எங்கப்பா பேரு எனக்கு மறக்கல. உன் கம்ப்யூட்டருக்குத்தான் பிடிக்கல."

நான் அன்று நினைத்தது அவரை அல்ல. வரப்போகிற காலத்தில் குடும்பப் பெயரோடு, ஒரே எழுத்துக்கூட்டலோடு, சுத்தமான தரவாக நிற்கப்போகும் ஒரு ஆளை. அந்த ஆள் வரவே இல்லை. அவருக்காகப் போட்ட நட்சத்திரத்தின் செலவை இந்த அக்கா பஸ் டிக்கெட்டாகக் கட்டினார்.

ஆதார் விண்ணப்பத்தில் முழுப்பெயருக்கு ஒரே கட்டம். பான் அட்டை விண்ணப்பத்தில் பல ஆண்டுகளாகக் கடைசிப் பெயர் கட்டாயம், முதல் பெயர் விருப்பம். ஒரே நாடு, இரண்டு கற்பனை மனிதர்கள். கட்டாயக் கட்டம் என்பது சட்டமன்றத்துக்குப் போகாத சட்டம். அதைப் பெரும்பாலும் என்னைப்போல ஒருவன் சாயங்கால அவசரத்தில் இயற்றிவிடுகிறான்.

சட்டம் பின்னால் வரும் என்று விட்டுவிடுவது

சில தளங்களை மட்டும் இலவசமாகத் தந்தால் ஏழைகளும் இணையத்துக்கு வருவார்கள் என்பது ஃபேஸ்புக்கின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' காட்டிய எதிர்காலம். எந்தத் தளத்துக்குப் போனாலும் ஒரே விலை என்பது எதிர்த்தவர்கள் காட்டியது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரி 8ல் இரண்டாவதன் பக்கம் நின்று, உள்ளடக்கத்தைப் பார்த்து விலையை மாற்றுவதைத் தடுத்தது. முதலாவது ஊன்றிய பிறகு வந்திருந்தால் அந்த விதியை எழுதுவது இவ்வளவு எளிதாக இருந்திருக்காது.

'மக்கள்' என்று எழுதுவது

எந்த மக்கள்? பெயர் சொல்லுங்கள்.

அட்டையில் டிரோன் படம்

வேண்டாம்.

மூடும் தேதியை மறைப்பது

வாட்ஸ்அப்பிலேயே அரசு சேவை பெறும் 'மன மித்ரா' 2025 ஜனவரியில் வந்தது. நல்லது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் புதிய வழியைத் திறக்கும் தேதியை எழுதும் வரைவுகள், பழைய கவுண்ட்டர் என்ன ஆகும் என்பதை எழுதுவதில்லை. போன் இல்லாதவர் எங்கே போவார்? அதற்கு ஒரு பத்தி இல்லாத வரைவை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

பிள்ளைகள் போன வாரம் திருத்திய வரைவு அனுப்பினார்கள். டிரோன் போய்விட்டது. கவுண்ட்டருக்கு ஒரு பத்தி வந்திருக்கிறது. இன்ட்டி பேரு கட்டத்தில் நட்சத்திரம் மட்டும் அப்படியே இருக்கிறது, "பின்னர் திருத்தலாம்" என்ற குறிப்போடு. திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.