கருவி மாறினாலும் தரவு கையில் இருக்கட்டும்

தரவை வரைபடமாக்கிக் காட்டும் கூகுளின் டேட்டா ஸ்டூடியோ என்ற கருவி 2022 ஒக்டோபரில் லுக்கர் ஸ்டூடியோ என்று பெயர் மாறியது. அதே வகைக் கருவியான மைக்ரோசொப்டின் பவர் பிஐ புரோவின் உரிமம் 2025 ஏப்ரலில் ஒருவருக்கு மாதம் 10 டொலரிலிருந்து 14 டொலராக உயர்ந்தது. கருவிகள் இப்படி மாறக்கூடியவை என்பதால், திருகோணமலையில் நிலாவெளி விடுதிகளின் முன்பதிவுகளையோ மீன் கொள்முதலையோ இத்தகைய கருவிகளில் வரைபடமாக்கிப் பார்ப்பவர்கள், மூலத் தரவை எக்கருவியிலும் திறக்கக்கூடிய சிஎஸ்வி (CSV: மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் எளிய உரைக் கோப்பு) கோப்பாகத் தனியே சேமித்து வைப்பது மிக அவசியம்.

இதில் தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. எக்செலில் சாதாரண சிஎஸ்வி வகையைத் தேர்ந்தெடுத்தால் ‘கிண்ணியா’, ‘மூதூர்’ என்ற பெயர்களெல்லாம் வெறும் கேள்விக்குறிகளாகிவிடும். மூலக் கோப்பு இல்லையென்றால் அவற்றை மீட்கவும் முடியாது. ஆகவே சேமிக்கும்போது தமிழ் எழுத்துகளையும் காக்கும் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ (CSV UTF-8) என்ற வகையையே தேர்ந்தெடுங்கள்.

ஊர்ப்பெயர்களின் எழுத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். ‘மூதூர்’ ஓரிடத்தில் ‘மூதுர்’ என்று பதிவாகியிருந்தால், கருவி அதனை வேறு ஊராகவே எண்ணி, வரைபடத்தில் இரண்டு தூண்களை எழுப்பிவிடும். கூட்டுத்தொகை, சராசரி முதலியவற்றுக்கு எழுதிய சூத்திரங்களையும் தனிக் கோப்பில் குறித்து வையுங்கள். அவை ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே செல்வதில்லை.