ஏர் ஆம்புலன்ஸ் பறக்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

குமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. அவசரமாக ஒரு நோயாளியை ஏர் ஆம்புலன்ஸில் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் பெரும்பாலும் திருவனந்தபுரம் போகணும். இல்லாவிட்டால் தூத்துக்குடி வாகைக்குளம். விமானம் கிளம்பியதும் வீட்டில் இருப்பவர்கள், பறக்கும் விமானங்களை வரைபடத்தில் காட்டும் கைபேசிச் செயலியில் அதைத் தேட ஆரம்பிப்பார்கள். தேவையில்லாத பயமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில், பயணிகள் விமானத்துக்குத் தேடுவதுபோல ஃபிளைட் நம்பர் போட்டுத் தேடாதீர்கள். இது பெரும்பாலும் தனி வாடகை விமானம். ‘வி.டி.’ என்று தொடங்கும் ஐந்தெழுத்துப் பதிவெண்ணை நிறுவனத்திடம் கேட்டு வாங்கித் தேடினால் கிடைக்கும்.

அடுத்தது, திரையில் விமானம் மறைந்தவுடன் விபத்து என்று நினைத்துவிடுவது. விமானத்தில் இருக்கும் டிரான்ஸ்பாண்டர் தன் இடத்தையும் உயரத்தையும் 1090 மெகாஹெர்ட்ஸில் சொல்லிக்கொண்டே போகும். ஆர்வலர்கள் மொட்டைமாடியில் வைத்திருக்கும் சிறிய ஆன்டெனாக்கள்கூட அதைப் பிடித்து இணையத்துக்கு அனுப்புகின்றன. இடையில் மறைப்பு இருந்தால் அந்த அலை வந்து சேராது. உயரத்தில் பறக்கும்போது வெகுதூரத்து ஆன்டெனாவுக்கும் எட்டும்; தாழ இறங்கும்போது மலையோ பூமியின் வளைவோ மறைத்துவிடும். அப்போது பக்கத்தில் ஆன்டெனா இல்லையென்றால் படம் காணாமல் போகும், அவ்வளவுதான். விமானத்தை வழிநடத்தும் கட்டுப்பாட்டாளர்கள் இந்தச் செயலியை நம்பி இல்லை. அவர்களிடம் ரேடார் இருக்கிறது, விமானியோடு நேரடியாகப் பேசுகிறார்கள். சந்தேகம் வந்தால் நிறுவனத்துக்குப் போன் போடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நோயாளியின் பெயரோடு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

மற்ற விமானங்களைவிட ஏர் ஆம்புலன்ஸுக்கு வானில் கிடைக்கும் முன்னுரிமையைப் பற்றியும் தப்பான எண்ணங்கள் உண்டு. விமானத்தின் மேல் சிவப்புச் சிலுவை வரைந்திருப்பதால் அது கிடைப்பதில்லை. புறப்படும் முன் கொடுக்கும் பயணத் திட்டத்தில் ‘மெடிவாக்’ என்று குறிக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தான பயணத்துக்கான குறியீடு அது. சிகிச்சை முடிந்து தேறியவரை ஊருக்குக் கூட்டிவருவதற்கு அதைக் கேட்டு நிறுவனத்தை நெருக்குவது சரியில்லை. குறியீடு இருந்தாலும், எஞ்சின் பழுதாகி ‘மேடே’ என்று ஆபத்து அழைப்பு விடுக்கும் விமானம் ஒன்று வந்தால் அதற்குத்தான் முதல் இடம். விமானம் வானில் ஒரு சுற்றுச் சுற்றினால் யாரோ அலட்சியம் செய்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மழையோ காற்றோ காரணமாக இருக்கலாம்.

நம் பக்கத்துக்காரர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியது ஒன்று. பத்மநாபசுவாமி கோயிலில் சுவாமியைக் கடலில் நீராட்டக் கொண்டுபோகும் ஆறாட்டு ஊர்வலம் பங்குனியிலும் ஐப்பசியிலும் திருவனந்தபுரம் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறது. அந்தச் சில மணி நேரம் ஓடுபாதை மூடியிருக்கும். விமானிகளுக்கு முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடும். ஆனாலும் ஆறாட்டு நாளா என்று நீங்களும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குப் பெரிய தவறாகப் படுவது வேறு. வானத்தில் மிச்சமாகும் நேரத்தைச் சாலையில் தொலைத்துவிடுகிறோம். நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் விமான நிலையம் சேர ஏறக்குறைய 70 கிலோமீட்டர். வானத்து முன்னுரிமை மார்த்தாண்டம் நெரிசலில் செல்லாது. ‘படுக்கையிலிருந்து படுக்கை வரை’ பொறுப்பு யாருடையது, சென்னையில் இறங்கும்போது எந்த ஆம்புலன்ஸ் நிற்கும், மருத்துவமனையில் படுக்கை உறுதியா என்பதெல்லாம் பணம் கட்டும் முன்பே தெளிவாகிவிட வேண்டும். அப்புறம், நெஞ்சுக்கூட்டில் காற்று கசிந்திருந்தால் அதை விமான மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உயரே போனதும் கேபின் அழுத்தம் குறையும், அந்தக் காற்று விரிந்து நுரையீரலை நெருக்கும். தெரிந்தால் ஏறும் முன்பே அந்தக் காற்றை வெளியேற்றக் குழாய் போட்டுவிடுவார்கள்.